செஸ்னா 172எஸ்: கத்திரி வெயிலில் இரண்டாவது ஸ்டார்ட்

காலை ஆறரை மணிக்கு இந்த விமானத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. மூன்று முதல் ஐந்து விநாடி பிரைமிங் (ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊட்டுவது), சாவியைத் திருப்பினால் விசிறி இரண்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொள்ளும். வில்லங்கம் பதினோரு மணிக்குத்தான். ஒரு மணி நேரம் பறந்து, இறங்கி, அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு அரை மணியில் திரும்பினால் அதே எஞ்சின் சுற்றும், இருமும், நிற்கும். மறுபடி சுற்றினால் இருமல்கூட வராது. பேட்டரி இறங்கும், பின்னால் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

இந்த மதிப்புரை அந்த இரண்டாவது ஸ்டார்ட்டைப் பற்றி மட்டும். இருக்கை, திரை, பறக்கும் குணம் பற்றியெல்லாம் எழுதியவர்கள் ஏராளம்.

கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடப்பது ஊரறிந்த விஷயம். அதைத் திறக்கச் சொல்லி அவ்வப்போது குரல் எழுகிறது. திறந்தால் முதலில் வந்து இறங்கப்போவது இந்த மாதிரி நான்கு பேர் அமரும் சிறு விமானங்கள்தான். மே மாதம் நிழலிலேயே 38, 40 டிகிரி தொடும் பொட்டல். மெக்கானிக் வேண்டுமென்றால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அணைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்ப 172எஸ் லாயக்கா என்பதுதான் கேள்வி. லாயக்குதான். ஆனால் கையேட்டில் ஒரே வரியில் தாண்டிப் போகும் விஷயத்தைத் தெரிந்தவர் கையில் மட்டும்.

செஸ்னா 1986 முதல் 1996 வரை 172 தயாரிப்பை நிறுத்தி வைத்திருந்தது. திரும்ப ஆரம்பித்தபோது கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 172எஸ்ஸில் இருப்பது லைகோமிங் ஐஓ-360-எல்2ஏ: நான்கு சிலிண்டர், நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 180 குதிரைத்திறன், காற்றால் குளிரும் வகை. கார்புரேட்டரில் பனி பிடிக்கும் தொல்லை ஒழிந்தது. நம் வெயிலில் அதற்கான விலை இந்த ஹாட் ஸ்டார்ட், அதாவது சூடான எஞ்சினை மறுபடி கிளப்பும் பாடு.

காரணம் குழாய்களில் இருக்கிறது. பெட்ரோலை அளந்து விடும் சர்வோ எஞ்சினுக்கு அடியில். அங்கிருந்து ஒரு குழாய் மேலேறி, எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பிரிப்பானுக்குப் போகும். அதிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மெல்லிய எஃகுக் குழாய்கள். பறக்கும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சிக்கல் இல்லை. அணைத்ததும் காற்று நின்றுவிடும், சூடு நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் வெண்கலப் பானையில் சோறு தளதளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அந்த நேரத்தில் சிலிண்டர் தலை 150 டிகிரி அளவில் இருப்பது சாதாரணம். அந்தச் சூடு மேலேறி மூடிக்குள் அடைந்து குழாய்களை வேக வைக்கும். இந்த எஞ்சின் குடிக்கும் விமானப் பெட்ரோலான அவ்கேஸ் 100எல்எல்லின் விதிமுறைப்படி, பெட்ரோலின் முதல் பத்து சதவீதம் 75 டிகிரிக்குள் ஆவியாகிவிட வேண்டும். அந்தக் குணம் இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது; இருப்பதால் மதியம் ஆகமாட்டேன் என்கிறது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சூடான எஞ்சினுக்கு ஒரு நோய் இல்லை, நேர்மாறான இரண்டு. அணைத்த முதல் சில நிமிடங்களில் குழாயில் கொதிக்கும் பெட்ரோல் விரிந்து, நாசில் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) வழியாகச் சொட்டி இன்டேக்கில் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில்) சேரும். அப்போது எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகம். மெக்கானிக் பாஷையில் ஃப்ளட். இன்னும் கால் மணி, அரை மணி போனால் சொட்டியது ஆவியாகிப் போயிருக்கும், குழாய்க்குள் திரவமே இருக்காது, வெறும் ஆவி. அப்போது பெட்ரோல் இல்லை. வயல் டீசல் எஞ்சினில் ‘காத்துப் புடிச்சிருச்சு’ என்று நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவார்களே, அதன் தம்பி இது. முதல் நோய்க்குக் கொடுக்கும் மருந்து இரண்டாவதைக் கெடுக்கும், இரண்டாவதன் மருந்து முதலதைக் கெடுக்கும். ‘இந்த எஞ்சினுக்கு மூட் சரியில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் அணைத்த நேரத்தைக் குறித்து வைக்காதவர்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாண்டினால் தொல்லை தானாகக் குறையத் தொடங்கும்.

மருந்துக்கு முன்னால் பத்தியம். செட்டிநாட்டு வீட்டில் நடு வளவைத் திறந்து விட்டிருப்பது சூடு மேலே போவதற்காகத்தான். 172எஸ்ஸின் எஞ்சின் மூடியில் அப்படியொரு வளவு ஏற்கெனவே உண்டு: ஆயில் அளவு பார்க்கும் சின்னக் கதவு. நிறுத்தியதும் அதைத் திறந்து வைத்தால் அடியிலிருந்து காற்று ஏறி, சூடு அந்த ஓட்டை வழியாக வெளியேறும். மேலே கையை நீட்டிப் பார்த்தாலே அனல் தெரியும். காசு செலவில்லாத ஏற்பாடு. கிளம்பும்முன் மூட மறக்கக்கூடாது என்பது மட்டும்தான் பாரம். கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிட்டால் மறக்காது. விமானத்தின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கே பார்த்து நிறுத்தினால் போதும், காற்று பாதி வேலையைச் செய்துவிடும்.

இனி ஸ்டார்ட். கையேடு சொல்வது சுருக்கம்: எஞ்சின் சூடாக இருந்தால் பிரைமிங் வேண்டாம். த்ராட்டிலை (காற்றை விடும் பிடி) கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் திறந்து, மிக்ஸ்சரை (பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஐடில் கட்ஆஃபில், அதாவது பெட்ரோல் முழுதும் அடைபடும் நிலையில், வைத்துச் சுற்ற வேண்டும், பிடித்ததும் மிக்ஸ்சரைச் சீராக முன்னே தள்ள வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் இது அப்படியே பலிக்கும். இன்டேக்கில் ஏற்கெனவே சொட்டிக் கிடப்பதே பிரைமிங். கையின் வேகத்தில்தான் சூட்சுமம்: பிடித்த சத்தம் கேட்டு ஒரு விநாடி தயங்கினால் அணைந்துவிடும், சடாரென்று தள்ளினால் மூச்சுத் திணறும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் முழுதாகப் போயிருக்க வேண்டும்.

இருபது முதல் ஐம்பது நிமிடம் கழித்து வந்தால் அதே முறையில் ஒருமுறை பிடித்து, மிக்ஸ்சரைத் தள்ளியும் செத்துவிடும். சர்வோவிலிருந்து வருவது ஆவிதான் என்று அர்த்தம். மின்சாரத் துணைப் பம்பைப் போடுங்கள். மிக்ஸ்சரை முன்னே தள்ளி பெட்ரோல் ஓட்டத்தைக் காட்டும் ஃப்யூயல் ஃப்ளோ முள்ளைப் பாருங்கள். முதலில் துள்ளும், நடுங்கும், அது ஆவி. துள்ளல் அடங்கி நிலைக்கு வந்த கணத்தில் மிக்ஸ்சரைப் பின்னே இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். காலையில் ஐந்து விநாடி பிடித்த வேலை இங்கே ஒன்று இரண்டு விநாடிதான். அதற்கு மேல் பிடித்தால் நீங்களே ஃப்ளட் செய்கிறீர்கள். பிடித்தபின் ஓட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் துணைப் பம்பை அணைக்க அவசரப்படாதீர்கள். பிரேக்கை மிதித்து, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு 1,800 சுற்று அளவில் ஓரிரு நிமிடம் ஓட விட்டால், புதுப் பெட்ரோல் வந்து குழாயைக் குளிர்வித்துவிடும்.

இரண்டில் எது என்று தெரியாத நேரம்? மூக்கும் காதும்தான் கருவி. பெட்ரோல் வாடை, அடியில் ஈரச் சொட்டு, புகைபோக்கியில் கறுப்பாக ஒரு ‘புஃப்’ என்றால் ஃப்ளட். வாடையே இல்லாமல், மெல்லிய இருமலோடு சுத்தமாகச் சுற்றினால் பட்டினி. குழம்பினால் ஃப்ளட் முறையை முதலில் செய்வது எங்கள் தேர்வு: மிக்ஸ்சர் கட்ஆஃப், த்ராட்டில் பாதிக்கு மேல் முழுவதும் வரை, துணைப் பம்ப் அணைப்பு, சுற்று. அதிகப் பெட்ரோல் இருந்தால் காற்றோடு கலந்து சரியான விகிதம் வரும் கட்டத்தில் பிடித்தே தீரும். பிடித்ததும் ஒரு கை த்ராட்டிலைப் பின்னே இழுக்க, மறு கை மிக்ஸ்சரை முன்னே தள்ள வேண்டும். த்ராட்டிலை மறந்தால் விமானம் பாயும். பத்து விநாடியில் ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃப்ளட் இல்லை என்பது உறுதி, தைரியமாக அந்த ஒரு விநாடி பிரைமிங்கைக் கொடுக்கலாம். தலைகீழாகச் செய்தால், அதாவது சந்தேகத்தில் முதலில் பிரைமிங் கொடுத்தால், எது நோய் எது நீங்கள் செய்த வினை என்று பிறகு பிரிக்க முடியாது.

ஸ்டார்ட்டருக்கும் உயிர் உண்டு. பத்து விநாடி சுற்றல், இருபது விநாடி ஓய்வு. இப்படி மொத்தம் மூன்று முறை. பிறகு பத்து நிமிடம் கைவைக்கக்கூடாது. இன்னொரு மூன்று சுற்றிலும் பிடிக்கவில்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும், சாவியை அல்ல. பிடித்த 30 விநாடிக்குள் ஆயில் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே அணைக்க வேண்டும். சுற்றும்போது தீப் பிடித்தால் நிறுத்தாதீர்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் தீ உள்ளே இழுபட்டுப் போகும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் சில நிமிடம் 1,800 சுற்றில் ஓடவிட்டு அணைத்துச் சோதனை. பிடிக்கவில்லையென்றால் மிக்ஸ்சர் கட்ஆஃப், த்ராட்டில் முழுத் திறப்பு, பெட்ரோல் வால்வு அடைப்பு, பம்ப் அணைப்பு, அப்புறம் தீயணைப்பான்.

விசிறியைக் கையால் தொடுவது இந்த நேரத்தில் மகா ஆபத்து. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அதை அடக்கி வைத்திருப்பது சாவியிலிருந்து போகும் ஒரு பி-லீட் கம்பிதான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி உங்கள் பையில் இருந்தும் பிளக் பொறி விடும். சூடான சிலிண்டரில் ஆவி நிறைந்திருக்க, லேசாகத் தள்ளினாலும் ஓர் உதை கொடுக்கும். படம் எடுக்க வரும் சொந்தக்காரர்களை விசிறியருகே விடாதீர்கள்.

கை சரியாக இருந்தும் தினமும் தகராறு செய்தால் பொருளில் பழுது. முதல் சந்தேகம் சர்வோவின் ஐடில் கட்ஆஃப் மேல். அது இறுக மூடாவிட்டால் ஸ்டார்ட்டுக்கு முன்பே பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கும். அணைக்கும்போது சோதிப்பது சுலபம்: மிக்ஸ்சரை மெதுவாக இழுக்கையில், நிற்பதற்கு முன் சுற்று 25 முதல் 50 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் ஐடில் கலவை ஏற்கெனவே மெலிந்திருக்கிறது (பெட்ரோல் குறைவு), 50-ஐத் தாண்டிக் குதித்தால் கெட்டியாக இருக்கிறது (பெட்ரோல் அதிகம்). கெட்டியான எஞ்சின் மதியத்தில் படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது.

இரண்டாவது மேக்னெட்டோ. அதிலுள்ள இம்பல்ஸ் கப்ளிங் என்ற பாகம், மெதுவாகச் சுற்றும்போது ரோட்டரைப் பிடித்து வைத்து ஸ்பிரிங்கை முறுக்கி, ‘டக்’ என்று விடும். அதனால் பொறி 25 டிகிரி முன்னால் வராமல் பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது வரும். அந்தச் சிறு எடைகள் தேய்ந்தால் பொறி முன்னாடியே வந்து எஞ்சின் பின்னுதை கொடுக்கும். ஸ்டார்ட்டரின் தலையே உடையலாம். இன்னொன்று, மேக்னெட்டோவுக்குள் இருக்கும் காயில். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் குளிரில் சமர்த்தாக இருக்கும், சூட்டில் பொறி விடாது. பெஞ்சில் ஆறிய பிறகு சோதித்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று திருப்பித் தருவார்கள். காயிலைச் சூடாக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். மேக்னெட்டோவின் 500 மணி நேரச் சோதனையைத் தள்ளிப்போட்ட விமானமென்றால் வேறு எதையும் தேடும்முன் அதைச் செய்யுங்கள். பிளக்கின் இடைவெளி கெட்டி எலக்ட்ரோடு வகைக்கு 0.41 முதல் 0.53 மில்லிமீட்டர். உள் மின்தடை 5,000 ஓமைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள், துடைத்துப் பயனில்லை.

மூன்றாவது பேட்டரி. காரைக்குடிக்காரர்களுக்கு மின்வேதியியல் ஆய்வகம் ஊரிலேயே இருப்பதால் பேட்டரி பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயில் லெட்-ஆசிட்டின் ஆயுளைத் தின்னும். ஆனால் பேட்டரியைக் குற்றம் சொல்லும்முன் கேபிளைப் பாருங்கள். யாராவது சுற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் துரு. நாற்பது நிமிட வேலை, புதுப் பேட்டரியின் விலை மிச்சம்.

கூடுதலாக வாங்கிப் பொருத்தும் சாமான்கள் பற்றி ஒவ்வொன்றாக. ஸ்லிக்ஸ்டார்ட் என்பது ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் வேலை செய்யும் ஒரு சிறு பெட்டி. மேக்னெட்டோவுக்கு நீண்ட, பலமான பொறியைக் கொடுக்கும். நனைந்த பிளக்குக்கும், அதாவது ஃப்ளட்டுக்கும், நல்ல துணை. குழாயில் பெட்ரோலே இல்லாத இரண்டாவது நோய்க்கு எதுவும் செய்யாது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். ஷ்யூர்ஃப்ளை வேறு ரகம். ஒரு மேக்னெட்டோவையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வரும் மின்னணுப் பற்றவைப்பு. ஸ்டார்ட்டில் பொறியைப் பிஸ்டன் உச்சியில் கொடுக்கும், தேய இம்பல்ஸ் கப்ளிங் கிடையாது, 2,400 மணி நேரம் உள்ளே திறக்க வேண்டியதில்லை. கேட்பது பேட்டரி மட்டும்: அது செத்தால் இதற்கும் உயிரில்லை. மற்றொரு பக்கம் பழைய மேக்னெட்டோ இருப்பதால் பறக்கும்போது கவலையில்லை. வெயிலில் தினம் நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்யும் பயிற்சி விமானத்துக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. ஒரு நிபந்தனை: அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ கொடுத்த எஸ்டிசியை (மாற்றம் செய்வதற்கான சான்றிதழ்) மட்டும் காட்டி, விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவு விமானத்தில் மாட்டிவிட முடியாது, நம் விமானத் துறையான டிஜிசிஏவின் ஏற்பு வேண்டும். காகித வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் 500 மணி நேரச் சோதனையை ஒழுங்காகச் செய்வதே மேல். எடை குறைந்த ஸ்டார்ட்டர்கள் வேகமாகச் சுற்றும், சுகம்தான். தேய்ந்த இம்பல்ஸ் கப்ளிங்கை வைத்துக்கொண்டு அதை மாட்டினால் முதல் பின்னுதையில் காசு போய்விடும்.

மற்ற எஞ்சின்களோடு ஒப்பிடாமல் மதிப்பெண் போட முடியாது. இன்ஜெக்‌ஷன் உள்ள காண்டினெண்டல் எஞ்சின்களில் பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாய் உண்டு. மிக்ஸ்சரை கட்ஆஃபில் வைத்துத் துணைப் பம்பை அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் குளிர்ந்த பெட்ரோல் பம்பு வரை வந்து, ஆவியைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்கே திரும்பும், சிலிண்டருக்குள் போகாது. அருமையான வசதி. லைகோமிங்கின் இந்த ஏற்பாட்டில் பிரிப்பானிலிருந்தும் சிலிண்டர் குழாய்களிலிருந்தும் தொட்டிக்குத் திரும்பும் வழி கிடையாது. காண்டினெண்டல்காரர் சொன்னதைக் கேட்டு இங்கே பம்பை ஓடவிட்டால் உச்சியில் இருக்கும் அந்தக் குழாய்கள் குளிராது. இணையத்தில் சுற்றும் ஹாட் ஸ்டார்ட் குறிப்புகளில் பாதி எந்த எஞ்சினுக்கு என்று சொல்லாமலே எழுதப்பட்டவை. பழைய கார்புரேட்டர் 172-களில் பெட்ரோல் கிண்ணம் அடியில் இருப்பதால் மறு ஸ்டார்ட் சுலபம். த்ராட்டிலைப் பம்ப் அடிக்கும் பழக்கம் மட்டும் கூடாது, பெட்ரோல் காற்றுப் பெட்டியில் வழிந்து தீப் பிடிக்கும். இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் திரும்பும் குழாயும் உண்டு, மின்னணுப் பற்றவைப்பும் உண்டு. ஆனால் நிமிடத்துக்கு 220 சுற்றாவது சுற்றினால்தான் பொறி வரும், பலவீன பேட்டரி ஆகாது. அதற்கு 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதி. நம் பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம், ஆகவே கேனைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி பங்க்குக்குப் போகும் யோசனையை விடுங்கள். லைகோமிங்குக்கோ எத்தனால் அறவே ஆகாது. ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடும் டைமண்ட் டிஏ40 என்ஜிக்கு மிக்ஸ்சரும் இல்லை, மேக்னெட்டோவும் இல்லை, இந்தத் தலைவலியும் இல்லை, விலை வேறு.

எஞ்சினுக்கு ஐந்துக்கு நான்கு. கையேட்டின் ஹாட் ஸ்டார்ட் பகுதிக்கு இரண்டு, அதுவும் ஃப்ளட் முறையைத் தெளிவாக எழுதியதற்காக. நேரத்தைப் பொறுத்து நோய் மாறும் என்று இன்னும் இரண்டு வரி போட்டிருந்தால் எத்தனையோ ஸ்டார்ட்டர்கள் பிழைத்திருக்கும்.

பழைய 172எஸ் வாங்குபவர்கள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதினோரு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் பறக்கச் சொல்லுங்கள், அணைத்து முப்பது நிமிடம் வெயிலில் நிறுத்தி, ஆயில் கதவைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அணைக்கும்போது எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அந்த 25 முதல் 50 சுற்று சரியாக ஏறி இறங்கவில்லை என்றால், விலை பேசும்போது சர்வோ வேலையையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.